குழலில் இருந்த அரைக் கிரீடம்

பாரத்தில் நிரப்ப வேண்டிய கட்டங்கள் பதினொன்று. ஒன்பதாவது கட்டத்தில்தான் நான் தப்புச் செய்தேன். மற்ற பத்தும் சரியாக இருந்தன என்று இப்போது சொல்லி என்ன பிரயோசனம்.

அது ஐயாவின் துப்பாக்கிக்காகத் தென்காசி தாலுகா கச்சேரியில் கொடுத்த பாரம். என் தகப்பனாரை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். இலஞ்சிக்கு மேற்கே மலையடியை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் வயல். சாரல் விழ ஆரம்பித்ததும் கார் நெல் நடுவோம். கதிர் பால் பிடிக்கிற நாளில் காட்டுப்பன்றி இறங்கும். பன்றி கதிரைத் தின்றுவிட்டுப் போனால்கூடத் தேவலை. அது பயிருக்குள் படுத்துப் புரளும். ஒரு கூட்டம் ஒரு தடவை புரண்டு எழுந்தால் அந்த வயலில் அரிவாளுக்கு வேலையில்லை. அதனால் மலையடிக்காரர்கள் சிலருக்குப் பயிர்க்காவல் லைசென்ஸ் கொடுத்திருந்தார்கள். ஐயாவுக்கும் ஒன்று இருந்தது.

பழைய துப்பாக்கி. வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, ரவையைப் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டித்து, பின்னால் பொறி தட்டுகிற கேப்பு வைத்துச் சுட வேண்டும். அதன் குழல் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. கடையத்தில் ஒரு லைசென்ஸ்காரர் காலமாகி அவர் துப்பாக்கி சர்க்காரிடம் ஒப்படைக்கப்பட இருந்த சமயம், ஐயா மனுப் போட்டு அனுமதி வாங்கி, அதன் குழலை மட்டும் எடுத்து வந்தார். குழல் எங்கள் துப்பாக்கியின் மரக்கட்டையில் உட்காரவில்லை. ஊர்க் கொல்லாசாரி பின்முனையில் ஒரு விரற்கடை வெட்டி, அரம் போட்டு இழைத்து, புதுத் திருகாணி கடைந்து உட்கார வைத்தார். குழல் மாறினால் சர்க்காருக்குச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் பாரம்.

நான் அந்த வருஷம் ஸ்கூல் பைனல் தேறியிருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பேனா பிடித்ததில்லை. ஐயா இடது கைப் பெருவிரலைத்தான் மையில் வைப்பார். கச்சேரி வராந்தாவில் மனு எழுதிக் கொடுக்கிறவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். அன்று ஐயா அவர்களைத் தாண்டி நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். "வேண்டாம், வேண்டாம், எம் மவன் இருக்கான்" என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டே போனார்.

குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பாரத்தைக் கொடுத்தார்.

"தம்பி, ஒம்பதாவது கட்டம் 'புரூப் மார்க்'. குழல்ல முத்திரை குத்தியிருக்கும். பாத்து, இருக்கிறபடி வரைஞ்சு காட்டணும். புரியுதா?"

"புரியுது சார்."

புரியவில்லை. புரூப் என்ற சொல்லை நான் ஜியாமெட்ரியில் மட்டும்தான் பார்த்திருந்தேன். இரண்டு முக்கோணம் சமம் என்று வரிவரியாக எழுதிக் காட்டுவது. துப்பாக்கிக் குழலில் என்ன முக்கோணம்? ஆனால் வராந்தாவில் அத்தனை பேரையும் தாண்டி வந்த பிறகு ஐயாவுக்கு முன்னால் எப்படிக் கேட்பது?

ஐயா கொண்டு வந்திருந்த துப்பாக்கியின் குழலைத் திருப்பிப் பார்த்தேன். பின்முனையில், கட்டையோடு சேருகிற இடத்தில், நெல் அளவுக்கு ஒரு குறி இருந்தது. ஒரு கிரீடத்தின் இடது பாதி. அதற்குக் கீழே ஏதோ எழுத்தின் ஒரு கால். வலது பாதியில் அரம் ஓடிய வரிகள்தான் பளபளத்தன. நான் யோசிக்கவே இல்லை. பாதி தெரிந்தால் மறுபாதி எப்படி இருக்கும் என்று தெரியாதா? பென்சிலைச் சீவிக்கொண்டு முழுக் கிரீடமாக, இரண்டு பக்கமும் அளவு பிசகாமல் வரைந்தேன். நன்றாகவே வந்தது. குமாஸ்தா பாரத்தைப் பார்த்தார், குழலைப் பார்க்கவில்லை. "படம் போடுத கை" என்றார்.

வெளியே வந்ததும் ஐயா கேட்டார்.

"அது என்னலே அது, ஏதோ கிரீடம் போட்ட?"

"அது புரூப்பு ஐயா. இந்தத் துப்பாக்கி நல்ல துப்பாக்கின்னு சீமையிலேயே நிரூபிச்சு முத்திரை போட்டிருக்கான்."

"நிரூபிச்சா?"

"ஆமா. அத்தாட்சி."

ஐயா குழலை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டார். அந்த ஒரு சொல்லுக்காக நான் பின்னால் எத்தனை நாள் தூக்கம் கெட்டேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆசாரி பட்டறையில் இருந்து துப்பாக்கி திரும்பி வந்தால் அதை யாரும் நேரே தோளில் வைத்துச் சுட மாட்டார்கள். மரத் தூரில் கட்டி, இரண்டு மடங்கு மருந்து போட்டு, விசையில் கயிறு கட்டி, தள்ளிப் போய் வரப்புக்குப் பின்னால் படுத்துக்கொண்டு இழுப்பார்கள். கட்டி வெடிக்கிறது என்று சொல்லுவோம். அது ஆன பிறகுதான் கைக்கு வரும். பக்கத்து வயல்காரர் ஒருவர், ஐயாவின் வயசுக்காரர், ஐயாவுக்கு முறையில் மச்சினன், ஒரு நாள் வரப்பில் நின்று கேட்டார்.

"என்ன மச்சான், கட்டி வெடிச்சாச்சா?"

"அதெல்லாம் சீமையிலயே வெடிச்சுப் பாத்துட்டான். எம் மவன் வாசிச்சுச் சொல்லிட்டான். பாரத்துலயும் எழுதிக் குடுத்தாச்சு."

"அப்பச் சரி. நமக்கு வாசிக்கத் தெரியாததால கயிறு புடிச்சு இழுக்கோம்."

நானும் அங்கேதான் நின்றேன். நான் சொன்னதை ஐயா அப்படி எடுத்துக்கொண்டார் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆனால் மறுத்துச் சொல்ல என்னிடம் என்ன இருந்தது? எனக்கே அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாது. அர்த்தம் தெரியாத ஒன்றைத் தப்பென்றும் சொல்ல முடியவில்லை. நான்கைந்து தடவை ஐயா சுட்டார். ஒன்றும் ஆகவில்லை. நானும் மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஆவணி பிறந்து பத்து நாள் இருக்கும். ஒரு காலையில் ஐயா என்னைத் தென்காசிக்கு அனுப்பினார், லைசென்ஸைக் காட்டி மருந்து வாங்கி வர.

"பழசு கொஞ்சம் கெடக்கு. சாரல்ல ஈரம் வாங்கிட்டு. அத இன்னைக்குச் சாயந்தரம் ஒண்ணரை அளவாப் போட்டுத் தீத்துருதேன். ஈர மருந்து பின்ன எதுக்கு ஆவும்? நீ புதுசு வாங்கிட்டு வா."

தென்காசியில் மருந்துப் பொட்டலத்தை வாங்கி, மெழுகுத் துணியில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு குற்றாலத்துக்கு நடந்தேன். அங்கே என்னோடு படித்தவன் ஒருவன் கள்ளு, சாராயத்தைக் கவனிக்கிற ஆப்காரி இலாகாவில் பியூனாகச் சேர்ந்திருந்தான். சீசனுக்குச் சீமைச் சரக்குக் கடை ஒன்று குற்றாலத்தில் திறந்திருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள அவனையும் இன்னொரு பியூனையும் போட்டிருந்தார்கள். இலாகாவில் குமாஸ்தா வேலை ஒன்று காலியாகப் போகிறது, வந்து கேட்டுப் பார் என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

அவன் வேலை பற்றி ஒன்றும் பேசவில்லை. நான் போனதும் ஒரு அட்டையை என் கையில் திணித்தான்.

"ஏலே, இத வாசிச்சுச் சொல்லு மொதல்ல. இன்ஸ்பெக்டர் நாளைக்குக் கேப்பாரு. எட்டாங்கிளாஸ்லயே நின்ன எனக்கு இது எங்கன வெளங்கும்?"

கண்ணாடி மிதவை ஒன்றைச் சாராயத்தில் விட்டு அதன் கடுமையை அளப்பது எப்படி என்று அச்சடித்த அட்டை. முதல் வரியிலேயே அந்தச் சொல் இருந்தது. புரூப். அப்புறம் வரிக்கு வரி புரூப், அண்டர் புரூப், ஓவர் புரூப். மேஜைமேல் சோதனைக்கு எடுத்து வந்த விஸ்கிப் புட்டி ஒன்று பாதி இருந்தது. அதன் லேபிளிலும் இருபத்தைந்து அண்டர் புரூப் என்று அச்சடித்திருந்தது. எனக்கு அரைக் கிரீடம் ஞாபகம் வந்துவிட்டது.

"இதுக்கு என்னலே அர்த்தம்?" என்றேன்.

"நல்லாயிருக்கே. அதக் கேக்கத்தானே ஒன்னக் கூப்பிட்டேன்."

மூலையில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்த மற்ற பியூன் சிரித்தார். அவர் முந்தின யுத்தத்தில் பட்டாளத்தில் இருந்து, ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். மீசையில் பாதி நரை.

"ரெண்டு பேரும் படிச்சு என்ன புண்ணியம்? கொஞ்சம் துப்பாக்கி மருந்து இருந்தா அர்த்தத்தக் கண்ணாலயே காட்டிருவேன்."

"எங்கிட்ட இருக்கு" என்று சட்டைக்குள்ளிருந்து பொட்டலத்தை எடுத்தேன். லைசென்ஸையும் எடுத்து நீட்டினேன், ஆப்காரிக்காரர்கள் ஆயிற்றே என்று.

"லைசென்ஸ உள்ள வையும்வே, நாங்க என்ன போலீசா" என்றார் அவர்.

ஒரு தகர மூடியில் ஒரு சிட்டிகை மருந்தை வைத்தார். புட்டியைச் சாய்த்து அது நனையும் அளவுக்கு விஸ்கியை விட்டார். என் நண்பன் வாசலைப் பார்த்துக்கொண்டே, "அண்ணாச்சி, அது கணக்குக்கு எடுத்த சரக்கு" என்றான். அவர் தீக்குச்சியைக் கிழித்து வைத்தார். நீலமாக ஒரு சுவாலை மூடி முழுக்க ஓடியது, துடித்தது, அணைந்தது. மருந்து சேறாக அப்படியே கிடந்தது.

"பாத்தீரா? சரக்கு எரிஞ்சிட்டு. மருந்து புடிக்கல. ஏன்? சரக்குல கலந்த தண்ணி மிஞ்சி மருந்த நனைச்சிட்டு. தண்ணி கம்மியா, கடுமை சரியா இருந்திருந்தா, சாராயம் எரிஞ்சு முடிச்ச ஒடனே மருந்தும் குப்புனு புடிச்சிருக்கும். அந்தக் காலத்துல வெள்ளக்காரன் இப்படித்தான் பாப்பானாம். புடிச்சா அது புரூப் சரக்கு. புடிக்காட்டா அண்டர் புரூப். இப்ப மிதவை வந்துட்டு, சொல்லு மட்டும் நிக்கி."

"அப்ப அத்தாட்சின்னு அர்த்தம் இல்லையா?"

"என்ன அத்தாட்சி. போட்டுப் பாத்து, தாங்குச்சான்னு பாக்கது. அவ்வளவுதான்."

நான் மெதுவாகத் துப்பாக்கிக் குழலைப் பற்றிக் கேட்டேன். பீடியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். புதுக் குழலைச் சட்டத்தில் பூட்டுவார்களாம். வழக்கத்துக்கு மேல் எக்கச்சக்கமாக மருந்து போட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் நின்று வெடிப்பார்களாம். தாங்கினால் முத்திரை. தாங்காவிட்டால் பழைய இரும்பு.

எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அது நாங்கள் தூரில் கட்டி வெடிக்கிறதுதான். கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. சீமையில் ஒரு தரம் கட்டி வெடித்துவிட்டார்கள், நான் ஐயாவிடம் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. அந்த நிம்மதியில்தான் அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

"முத்திரை போட்ட பொறவு குழல அரம் போட்டா?"

"போட்டா அந்த முத்திரை செத்துப் போச்சு. அவன் சோதிச்சது கனமான குழல. நீரு வச்சிருக்கது இழைச்ச குழல். எங்கன அரம் போட்டிருக்கு?"

"பின்முனையில. முத்திரை மேலயே. பாதி முத்திரை இல்ல."

அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். என் நண்பனும் அட்டையைக் கீழே வைத்துவிட்டான்.

"யாரு சுடுதா?"

"எங்க ஐயா."

"இடது கைய எங்கன புடிப்பாரு?"

நான் கையைத் தூக்கிக் காட்டினேன். ஐயா நிற்கிற மாதிரியே நின்று காட்டினேன். குழலின் பின்முனைக்குச் சற்று முன்னால்தான் என் இடது கை இருந்தது. வலது கன்னம் அதற்கு ஒரு சாண் பின்னால்.

"ஒண்ணரை அளவு போடப் போறாரு இன்னைக்கு. சாயந்தரம்" என்றேன்.

"அப்ப இங்க நின்னு எனக்குப் படம் காட்டிட்டு இருக்கீரே, போவும்" என்றார் அவர்.

குற்றாலத்திலிருந்து இலஞ்சிக்கு நடக்கிற தூரம் ஒன்றும் பெரிசில்லை. அன்று அது முடியவே இல்லை. சாரல் முகத்தில் அடித்தது. அருவியில் குளித்து எண்ணெய்த் தலையோடு திரும்புகிற கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. ஒரு வண்டிக்காரர் "தீப்புடிச்ச மாதிரி எங்கலே ஓடுத?" என்று கத்தினார். சட்டைக்குள் மருந்துப் பொட்டலம் நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது. மழை மேகத்தால் மணி தெரியவில்லை. ஐயா வயலுக்குப் போயிருப்பாரா? போனதும் கெட்டிப்பாரா, பன்றி தெரிந்த பிறகு கெட்டிப்பாரா? எப்போதும் கெட்டித்து வைத்துக்கொண்டுதான் காத்திருப்பார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே ஓடினேன்.

தென்னந்தோப்பைத் தாண்டி வரப்பில் இறங்கினபோது ஒரு வெடிச் சத்தம் கேட்டது.

நின்றுவிட்டேன். கொக்குகள் எழுந்து பறந்தன. அதன் பிறகு யாராவது கத்துவார்கள் என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. கத்தாமல் இருப்பது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. ஓடி வந்தவன் அந்த இடத்தில் எத்தனை நேரம் நின்றேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதை ஐயாவிடம் சொன்னதில்லை.

பிறகு ஓடினேன். ஐயா எங்கள் வயல் காவல்பரணுக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். துப்பாக்கி மடியில். விரலால் கேப்பை வைத்துக்கொண்டிருந்தார்.

"யாரு சுட்டா?" என்றேன். மூச்சு வாங்கியது.

"மச்சினன். அங்கன பன்னி எறங்கிட்டு. இங்கன இந்தச் சவத்துக்கு ரெண்டு கேப்பு வச்சு அடிச்சிட்டேன், மருந்து புடிக்கல. ஈரம். மூணாவது வச்சுப் பாக்கேன்."

"ஐயா, அதக் கீழ வைங்க."

"ஏன்?"

"கீழ வைங்க ஐயா. வாய அந்தப் பக்கம் திருப்பி வைங்க."

நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. கேப்பை எடுத்துவிட்டு, துப்பாக்கியை வரப்பின்மேல் மலையைப் பார்க்க வைத்தார். நான் அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் பிடித்தேன் என்று தெரியவில்லை. அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும், கையை உருவிக்கொண்டு, "என்னலே, பேய அடிச்ச மாதிரி வந்து நிக்க?" என்றார்.

சொன்னேன். பாதிக் கிரீடம்தான் இருந்தது, மீதியை நான் வரைந்தேன் என்று சொன்னேன். புரூப் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது என்றும் சொன்னேன். அதைச் சொல்லத்தான் அதிக நேரம் ஆனது.

சாரல் ஐயாவின் தலைத்துண்டில் பொடிப்பொடியாக நின்றது.

"அப்ப நீ வாசிச்சது தப்பா?"

"வாசிச்சது தப்பில்ல. இல்லாததையும் சேத்து வாசிச்சுட்டேன்."

"தெரியலன்னா தெரியலன்னு அந்தக் குமாஸ்தாட்ட கேக்க வேண்டியதானலே?"

"நீங்க பக்கத்துல நின்னீங்க."

ஐயா என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாளைக்குக் காலைல கட்டி வெடிப்போம்" என்றார்.

மறுநாள் காலையில், தோப்போரம் பட்டுப்போன புளியந்தூரில் துப்பாக்கியைக் கட்டினார். ஈர மருந்தை முந்தின நாளே தோண்டி எடுத்துக் கொட்டிவிட்டார். நான் வாங்கி வந்த புது மருந்தில் இரண்டு அளவு, ரவையும் இரண்டு பங்கு. விசையில் சணல் கயிறு கட்டி வரப்புக்குப் பின்னால் கொண்டுவந்தார். மச்சினன்காரர் வேடிக்கை பார்க்க வந்து எங்களோடு படுத்துக்கொண்டார்.

"என்ன மச்சான், காயிதத்துல சுட்டுப் பழகின துப்பாக்கிக்கு இப்பக் கயிறு என்னத்துக்கு?"

"சும்மா கெடவே" என்றார் ஐயா. கயிற்றை என் கையில் கொடுத்தார். "நீ இழு. எழுதுனவன் நீதான்."

கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். தரை அதிர்ந்தது. புகை கலைந்ததும் மூவரும் தலையைத் தூக்கிப் பார்த்தோம். குழல் முழுசாக இருந்தது. மறுபடி கெட்டித்து, மறுபடி இழுத்தேன். அப்போதும் தாங்கியது.

"தேறிட்டு. ஒம் மவன மாதிரி மொதல் தடவையே தேறிட்டு" என்று மச்சினன்காரர் எழுந்து வேட்டியைத் தட்டினார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது ஏற்பட்ட சந்தோஷம் ஐயாவுக்காக இல்லை. நான் வரைந்த மறுபாதி பொய்யில்லை என்று ஆகிவிட்டதே, பாரத்தைத் திருத்த வேண்டாமே என்பதுதான். குமாஸ்தா முன்னால் போய் நிற்க வேண்டாம். ஐயா பக்கத்து வயல்காரரிடம் சொன்ன சொல் அப்படியே நிற்கும். அந்த அளவுக்கு நான் அந்த முழுக் கிரீடத்தை விரும்பினேன்.

"இரு" என்றார் ஐயா.

குழலைக் கழற்றி, கேப்பு வைக்கிற துவாரத்தைத் தேன்மெழுகால் அடைத்தார். நிமிர்த்திப் பிடித்து, செம்பிலிருந்து வாய்வரை தண்ணீர் ஊற்றினார். துண்டால் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து, என்னைக் கிட்டே வரச் சொன்னார். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றுமில்லை. மச்சினன்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது அரைக் கிரீடத்தின் ஓரத்தில், அரம் ஓடின இடத்தில், கடுகளவு ஒரு துளி திரண்டது. ஐயா துடைத்தார். திரும்பவும் திரண்டது. இன்னும் அழுத்தித் துடைத்தார். அது திரண்டு, நிறைந்து, கிரீடத்தின்மேல் வழிந்தது.

பார்த்தால் தெரியாது. விரலால் தடவினாலும் தெரியாது. மயிரிழை விரிசல். இதற்குமுன் எத்தனை வெடியில் அது திறந்தது, இன்னும் எத்தனை வெடிக்குத் தாங்கியிருக்கும், யாருக்குத் தெரியும். மூன்றாவது கேப்பு பிடித்திருந்தால் என்று அன்றைக்கு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் சில நாள் நினைக்கிறேன்.

மச்சினன்காரர் கேலி பேசவில்லை. "எந் துப்பாக்கியையும் ஒரு தரம் தண்ணி ஊத்திப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றே தென்காசிக்குப் போனோம். ஐயா குழலைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். வராந்தாவில் மனு எழுதுகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இந்தத் தடவை ஐயா யாரிடமும் எதுவும் சொல்லிக்கொண்டு நடக்கவில்லை.

குமாஸ்தா பழைய பாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு குழலைப் பார்த்தார், பாரத்தைப் பார்த்தார்.

"இங்க முழுசா இருக்கு. அங்க பாதி இருக்கு. மீதி எங்கிருந்துவே வந்துது?"

"நான் வரைஞ்சேன் சார்."

"ஸ்கூல் பைனல் தேறினவன் பண்ற வேலையா? பொய்ப் பாரம் குடுத்ததுக்கு உள்ள தூக்கி வைக்கலாம் தெரியுமா?"

"பையன் பொய் எழுதல எசமான். தெரியாம எழுதிட்டான். தெரிஞ்ச ஒடனே ஓடியாந்துட்டான்" என்றார் ஐயா. "குழல எடுத்துக்கிடுங்க."

குமாஸ்தா நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். குழலை ஒப்படைக்கிறோம், முன்பு கொடுத்த விவரம் சரியில்லை என்று எழுதச் சொன்னார். ஒன்பதாவது கட்டத்துக்கு நேரே, இருக்கிறபடி வரையச் சொன்னார். வரைந்தேன். கிரீடத்தின் இடது பாதி, எழுத்தின் ஒரு கால், பிறகு அரத்தின் வரிகள். ஒவ்வொரு வரியாக வரைந்தேன். இந்தப் படம் அழகாக இல்லை.

அந்தக் கார் போகத்தில் எங்களுக்குத் துப்பாக்கி இல்லை. ஐயா தகர டின்னைத் தட்டிக்கொண்டு பரணில் உட்கார்ந்திருந்தார். நானும் கூட உட்கார்ந்தேன். மேல்வயலில் பாதியைப் பன்றி புரட்டிவிட்டது. அம்மா வயலைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம், "போனா போவுது எய்யா" என்று ஒரு வார்த்தை சொன்னாள், அவ்வளவுதான். ஆப்காரி குமாஸ்தா வேலைக்கு நான் மனுப் போடவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்குக் கச்சேரியில் நான் எழுதி முடித்ததும் குமாஸ்தா மைத்தட்டைத் தள்ளினார். ஐயா எப்போதும்போல இடது கைப் பெருவிரலை மையில் ஒற்றினார். தாளில் எந்த இடம் என்று என்னைப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்து இடம் காட்டினேன். அழுத்தி எடுத்தார். மை காய்கிற வரைக்கும் நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரேகை ஒரு வரி விடாமல் விழுந்திருந்தது.